கம்யூனிட்டி காலேஜில் சேர எஸ்.ஏ.டி. மதிப்பெண் தேவையா? டெக்ஸஸிலிருந்து ஒரு தாயின் கேள்வி

கடிதத்தின் சுருக்கம்

டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் மதுரைப் பக்கம். கணவர் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். தாயும் மகனும் எச்-4, அதாவது அந்த விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசா. மகன் ஒன்பதாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்து, வரும் மே மாதம் ஹைஸ்கூல் முடிக்கிறார். அக்டோபரில் 18 வயது நிறைகிறது. முதலில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் பொதுக் கல்லூரி) கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படித்து, பிறகு டாலஸ் பகுதியிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாற வேண்டும் என்பது அவருடைய ஆசை. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் வாசிப்பு-எழுத்துப் பிரிவில் 510, கணக்கில் 490 எடுத்திருக்கிறார். இப்போது பள்ளியில் ப்ரீகால்குலஸ் (கால்குலஸுக்கு முந்தைய கணக்கு) படிக்கிறார். டெக்ஸஸ் மாநிலப் பள்ளித் தேர்வான ஸ்டாரில், அல்ஜீப்ரா 1 பாடத்தில் மிக நல்ல மதிப்பெண்.

தாயின் கவலைகள் இவை. இந்த எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணுக்கு கம்யூனிட்டி காலேஜ்கூடக் கிடைக்காது, 1200 இல்லாமல் எதுவும் நடக்காது என்று ஒரு பயிற்சி மையம் சொல்லி, 1,800 டாலர் கேட்கிறது. டி.எஸ்.ஐ. என்று ஒரு நுழைவுத் தேர்வு உண்டு, அதில் தோற்றால் ஒரு வருடம் பள்ளிப் பாடத்தையே திரும்பப் படிக்கவைப்பார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். ஸ்டார் மதிப்பெண்ணைக் காட்டி அதிலிருந்து விலக்கு வாங்க முடியாதா என்று கேட்கிறார். கணவரோ, கம்யூனிட்டி காலேஜ் என்பது படிப்பு வராதவர்கள் போகிற இடம், அதைவிட ஊருக்கு அனுப்பி இன்ஜினீயரிங் சேர்த்துவிடலாம் என்கிறார். "பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்காமல் இருக்கிறான். நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பிள்ளையைத் தூங்கச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்குக் கம்யூனிட்டி காலேஜில் இடம் கிடைக்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. கிடைக்கும். டெக்ஸஸின் கம்யூனிட்டி காலேஜ்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள். ஹைஸ்கூல் டிப்ளமா இருந்தால் போதும். அட்மிஷனுக்கு எஸ்.ஏ.டி.யும் வேண்டாம், அதைப் போன்ற ஏ.சி.டி. தேர்வும் வேண்டாம். டி.எஸ்.ஐ. தேர்வு முடிவை வைத்து ஒருவருக்கு அட்மிஷன் மறுக்கக் கூடாது என்று டெக்ஸஸ் கல்விச் சட்டமே சொல்கிறது. ஆகவே டி.எஸ்.ஐ. ஒரு "நுழைவுத் தேர்வு" என்பதும், "1200 இல்லாமல் நடக்காது" என்பதும் இரண்டுமே தவறு. அந்த 1,800 டாலரை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

ஆனால் தேர்வே ஒரு பொருட்டில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். இந்த மதிப்பெண்கள் தீர்மானிப்பது பிள்ளை உள்ளே வருவாரா என்பதை அல்ல, முதல் செமஸ்டரில் எந்தப் பாடத்தில் உட்காருவார் என்பதை. இன்ஜினீயரிங் ஆசை உள்ள பிள்ளைக்கு, அதுவும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு, அந்த ஒரு வித்தியாசம் பின்னால் ஒரு செமஸ்டராகவோ ஒரு வருடமாகவோ வந்து நிற்கும். அதைப் பற்றித்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது

டி.எஸ்.ஐ. என்பது டெக்ஸஸ் சக்சஸ் இனிஷியேட்டிவ். 1989-இல் டாஸ்ப் என்ற பெயரில் தொடங்கிய திட்டம், 2003-இல் டி.எஸ்.ஐ. ஆனது. இப்போது எழுதுகிற தேர்வு 2021 ஜனவரியில் வந்த டி.எஸ்.ஐ.ஏ.2. இதில் இரண்டே பிரிவுகள்: ஆங்கில வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த ஒன்று, கணக்கு ஒன்று. கல்லூரிப் பாடத்தை நேரடியாக எடுக்க இந்த மாணவர் தயாரா என்று பார்ப்பது மட்டுமே இதன் வேலை.

தயார் என்பதை வேறு வழிகளிலும் நிரூபிக்கலாம். எஸ்.ஏ.டி.யில் வாசிப்பு-எழுத்துப் பிரிவில் 480 இருந்தால் ஆங்கிலத்துக்கு விலக்கு. கணக்கில் 530 இருந்தால் கணக்குக்கு விலக்கு. இரண்டும் தனித்தனி, ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டாலும், இருப்பதற்கு விலக்கு உண்டு. மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் மகனின் 510 ஆங்கிலத்துக்குத் தாராளமாகப் போதும். தேர்வு எழுதிய நாளிலிருந்து ஐந்து வருடம் அது செல்லும். அவர் தாண்ட வேண்டியது கணக்கு ஒன்றுதான், அதிலும் 40 மதிப்பெண் குறைவு, அவ்வளவே. 1200 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தார்களோ, இந்தக் கணக்கில் அதற்கு வேலையே இல்லை.

ஏ.சி.டி. எழுதியிருந்தால், 2023 பிப்ரவரி 15-க்குப் பிறகு எழுதியதற்கு ஆங்கிலமும் வாசிப்பும் கூட்டி 40, கணக்கில் 22 என்பது அளவு. பள்ளியிலேயே கல்லூரி அளவில் எழுதும் ஏ.பி. தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் எடுத்த பிள்ளைகளுக்கு அதற்கு இணையான கல்லூரிப் பாடத்தின் கிரெடிட்டே, அதாவது அதை முடித்ததற்கான கணக்கே, கிடைத்துவிடும். அந்தப் பகுதியில் டி.எஸ்.ஐ. கவலை தானாகவே தீர்ந்துவிடும்.

ஸ்டார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கேதான் நிறையப் பெற்றோர் ஏமாறுகிறார்கள். விலக்கு தருவது ஆங்கிலம் 3-க்கும் அல்ஜீப்ரா 2-க்கும் உரிய ஸ்டார் தேர்வுகளில் 4000 எடுத்தால்தான். பள்ளியில் எல்லோரும் கட்டாயமாக எழுதுகிற அல்ஜீப்ரா 1, ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2 ஆகியவற்றில் உச்ச மதிப்பெண் வாங்கியிருந்தாலும் விலக்கு கிடையாது. அல்ஜீப்ரா 2 ஸ்டார் கட்டாயமில்லாத தேர்வு என்பதால் பெரும்பாலான பிள்ளைகள் அதை எழுதியே இருக்க மாட்டார்கள்.

பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் "காலேஜ் ப்ரெப்" என்று ஒரு கணக்குப் பாடம் சில பள்ளி மாவட்டங்களில் உண்டு. அதில் தேறினால், பள்ளியோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் கல்லூரியில், ஹைஸ்கூல் முடித்த நாளிலிருந்து 24 மாதம் வரை விலக்கு செல்லும். ஆனால் உங்கள் மகன் ப்ரீகால்குலஸில் இருக்கிறார். அதை விட்டு இதற்கு மாற வேண்டாம். இன்ஜினீயரிங்குக்குத் தேவையானது ப்ரீகால்குலஸ்தான்.

கணக்குக்கு மூன்று வழிகள்

முதல் வழி, எஸ்.ஏ.டி.யை இன்னொரு முறை எழுதி 530 எடுப்பது. 490-இலிருந்து 530 எட்டாத தூரம் அல்ல. நேரடியாகப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இது ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆஸ்டினிலுள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகம் 2025 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து முதலாண்டு மாணவர்களுக்கு எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி.யைத் திரும்பவும் கட்டாயமாக்கிவிட்டது என்பதையும் மனத்தில் வையுங்கள். கம்யூனிட்டி காலேஜ் மட்டும்தான் என்று முடிவாகிவிட்டால், இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. தேர்வுத் தேதிக்குக் காத்திருக்க வேண்டும், மதிப்பெண் வரக் காத்திருக்க வேண்டும், நேரக் கட்டுப்பாட்டோடு எழுத வேண்டும்.

இரண்டாவது வழி, டி.எஸ்.ஐ.ஏ.2-இன் கணக்குப் பிரிவை மட்டும் எழுதுவது. உங்கள் மகனுக்கு நான் சொல்வது இதைத்தான். கல்லூரியின் தேர்வு மையத்தில் நாள் குறித்து எழுதலாம், நேர வரம்பு இல்லை, மதிப்பெண் உடனே தெரிந்துவிடும், கட்டணமும் குறைவு. கணக்கில் 950 எடுத்தால் போதும். மதிப்பெண் அளவே 910-இலிருந்து 990 வரைதான் என்பதால், 950 என்பது கிட்டத்தட்ட நடு.

மூன்றாவது வழி, எதையும் தாண்டாமலே சேர்ந்துவிடுவது. "ஒரு வருடம் பள்ளிப் பாடம் படிக்கவைப்பார்கள்" என்று உங்களிடம் சொன்னவர் பழைய நடைமுறையை நினைத்துச் சொல்லியிருக்கலாம். முன்பு அப்படித்தான் இருந்தது. கிரெடிட் சேராத அடிப்படைப் பாடங்களை ஒன்றன்பின் ஒன்றாக முடித்தால்தான் கல்லூரிக் கணக்குக்கு விடுவார்கள். அந்தப் பாடங்களிலேயே பணமும் பொறுமையும் தீர்ந்து கல்லூரியை விட்டுப் போன பிள்ளைகள் ஏராளம். 2017-இல் டெக்ஸஸ் சட்டமன்றம் இதை மாற்றியது. இப்போது தேர்வில் தேறாத மாணவரும் முதல் செமஸ்டரிலேயே கல்லூரிக் கணக்கில் உட்காரலாம். கூடவே அதே செமஸ்டரில் ஒரு துணை வகுப்பு எடுக்க வேண்டும். இதற்குக் கோரெக்விசிட் என்று பெயர். 2021 இலையுதிர் செமஸ்டரிலிருந்து இதுவே பொதுவான முறை. மிகமிகத் தாழ்ந்த நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் தனி அடிப்படை வகுப்புகள் உண்டு. ப்ரீகால்குலஸ் படிக்கும் உங்கள் மகன் அந்த நிலையில் இல்லை.

ஆக, மூன்றாவது வழியிலும் வானம் இடிந்துவிடாது. ஆனாலும் இரண்டாவதைத்தான் நான் வலியுறுத்துகிறேன். காரணத்தை அடுத்த பகுதியில் பாருங்கள்.

எந்தக் கணக்கில் தொடங்குகிறார் என்பதுதான் விஷயம்

டெக்ஸஸ் கம்யூனிட்டி காலேஜ்கள் பொதுவான பாட எண்களைப் பின்பற்றுகின்றன. மேத் 1314 கல்லூரி அல்ஜீப்ரா. மேத் 2412 ப்ரீகால்குலஸ். மேத் 2413, 2414, 2415 என்பவை கால்குலஸ் 1, 2, 3. இன்ஜினீயரிங் பட்டத்துக்குக் கணக்கு தொடங்குவதே 2413-இலிருந்துதான். அதற்குக் கீழே உள்ளவை ஏணிப்படிகள். கிரெடிட் சேரும், பணம் கட்ட வேண்டும், பட்டத்துக்குப் பெரிதாக உதவாது.

கணக்கில் தேறாமல் சேர்ந்தால், முதல் செமஸ்டர் 1314-உம் துணை வகுப்பும், இரண்டாவதில் 2412, மூன்றாவதில் 2413, நான்காவதில் 2414. இரண்டு வருடம் முடியும்போது கால்குலஸ் 2 வரைதான் வந்திருப்பார். இன்ஜினீயரிங்குக்கு உரிய இயற்பியல், அதாவது பிஸிக்ஸ் 2425, கால்குலஸ் 1-ஐ ஒட்டியே எடுக்க முடியும் என்பதால் அதுவும் இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிப்போகும். பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது கால்குலஸ் 3-உம் இயற்பியலின் மறுபாதியும் பாக்கி. அங்கே மூன்றாம் வருடப் பாடங்கள் இவற்றைக் கேட்கும். இல்லாதவர் காத்திருக்க வேண்டும். மாறாக, முதல் செமஸ்டரிலேயே 2412-இல் உட்கார்ந்தால் ஒரு செமஸ்டர் மிச்சம். 2413-இல் உட்கார்ந்தால் இரண்டு.

ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். டி.எஸ்.ஐ.யில் 950 எடுத்தவுடன் கால்குலஸில் உட்காரவைத்துவிட மாட்டார்கள். 950 என்பது கல்லூரிக் கணக்கின் முதல் படிக்கான அனுமதி மட்டுமே. 2412-க்கோ 2413-க்கோ நேராகப் போகக் கல்லூரி வேறொன்றைக் கேட்கும்: பள்ளியில் ப்ரீகால்குலஸில் வாங்கிய கிரேடாக இருக்கலாம், எஸ்.ஏ.டி. கணக்கில் இன்னும் உயர்ந்த மதிப்பெண்ணாக இருக்கலாம், அலெக்ஸ் போன்ற கணினித் தேர்வாக இருக்கலாம். இது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். "டி.எஸ்.ஐ. முடிந்தது, இனி கவலையில்லை" என்று இருந்துவிட்டு, ஆகஸ்டில் அட்வைசர் முன்னால் உட்காரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அதற்குள் வகுப்புகள் நிரம்பியிருக்கும். ஆகவே இப்போதே கணக்குத் துறைக்கோ அட்வைசருக்கோ ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "2413-இல் நேரடியாகச் சேர என்ன காட்ட வேண்டும்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதே நேரம், 490 என்ற மதிப்பெண் ஒரு செய்தியும் சொல்கிறது. அடிப்படை அல்ஜீப்ராவில் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் 2413-இல் தள்ளிவிட்டால் நடுவில் பாடத்தை விட வேண்டிவரும். டெக்ஸஸ் அரசுக் கல்லூரிகளில் பட்டம் முடியும்வரை மொத்தம் ஆறு பாடங்களைத்தான் இப்படி நடுவில் விட முடியும், பல்கலைக்கழகத்துக்கு மாறினாலும் அந்தக் கணக்கு கூடவே வரும். பள்ளி ப்ரீகால்குலஸில் பி-க்குக் கீழே என்றால் 2412-இலேயே தொடங்கட்டும். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

தேர்வை எழுதும் விதம்

ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம் எழுதுவது நல்லது. பள்ளிப் பாடம் மனத்தில் சூடாக இருக்கும். சரியாக வராவிட்டால் ஜூனில் இன்னொரு முறை எழுதவும் நேரம் இருக்கும். திரும்ப எழுதத் தடையில்லை. எத்தனை நாள் இடைவெளி, எவ்வளவு கட்டணம் என்பதைக் கல்லூரியின் தேர்வு மையம் சொல்லும்.

எழுதுவதற்கு முன் முன்தயாரிப்புப் பயிற்சி ஒன்றை இணையத்தில் முடித்தாக வேண்டும். தேர்வு எப்படி இருக்கும், மாதிரிக் கேள்விகள், தேறாவிட்டால் என்ன வழி என்பதெல்லாம் அதில் வரும். முடித்த சான்று இல்லாமல் தேர்வு மையத்தில் உட்காரவிட மாட்டார்கள். பிள்ளைகள் இதைக் கடகடவென்று கிளிக் செய்து முடித்துவிடுகிறார்கள். உங்கள் மகனை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் குறிக்கும்போது "கணக்கு மட்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். எஸ்.ஏ.டி. மதிப்பெண் கல்லூரியின் பதிவில் ஏறாமல் இருந்தால், ஆங்கிலத்தையும் சேர்த்து எழுதச் சொல்லிவிடுவார்கள்.

கணக்கில் முதலில் 20 கேள்விகள். அளவும் விகிதமும் 6, அல்ஜீப்ரா 7, வடிவியல் 3, நிகழ்தகவும் புள்ளியியலும் 4. சரியாகப் போடப் போட அடுத்த கேள்வி கடினமாகும். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்ப வர முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. எஸ்.ஏ.டி.யில் பழகிய "தெரிந்ததை முதலில் போடு, மற்றதற்குப் பிறகு வா" என்ற உத்தி இங்கே உதவாது. சொந்தக் கால்குலேட்டர் கொண்டுபோகக் கூடாது. தேவைப்படும் கேள்விகளுக்கு மட்டும் திரையிலேயே கால்குலேட்டர் வரும். பள்ளியில் கிராஃபிங் கால்குலேட்டரை நம்பியே பழகிய பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். பின்னம், சதவீதம், குறி மாற்றம், இருபடிச் சமன்பாடு, அடுக்குகள் ஆகியவற்றைத் தாளில் கையால் போட்டுப் பழகட்டும். நான்கு வாரம், நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். இந்தத் தேர்வையும் எஸ்.ஏ.டி.யையும் நடத்தும் காலேஜ் போர்டு இணையத்தில் இலவசப் பயிற்சித் தேர்வுகள் தருகிறது. பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் அதை முழுவதும் முடிக்கட்டும்.

950-க்குக் குறைந்தால் தேர்வு அங்கேயே முடியாது. டயக்னாஸ்டிக் என்று இன்னொரு 48 கேள்விகள் வரும். இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். "தோற்றுவிட்டோம், இனி எதற்கு" என்று சோர்ந்து கண்ணை மூடிக் கிளிக் செய்துவிடுகிறார்கள். ஆனால் முதல் பகுதியில் 950 இல்லாவிட்டாலும், டயக்னாஸ்டிக்கில் 6-ஆம் நிலை வந்தால் தேறியதாகவே கணக்கு. அது இரண்டாவது வாய்ப்பு. ஆகவே வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு, மாலை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், காலையிலேயே தேர்வுக்குப் போகச் சொல்லுங்கள். நேர வரம்பு இல்லாத தேர்வில் அவசரப்பட்டு மதிப்பெண்ணை இழப்பதைப்போல் வருத்தமானது வேறில்லை.

தேர்வைவிட அதிகமாகத் தடுக்கும் சின்ன விஷயங்கள்

பெயர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, பள்ளியில் இனிஷியலாக, எஸ்.ஏ.டி. கணக்கில் வேறு மாதிரியாக இருந்தால், காலேஜ் போர்டு அனுப்பும் மதிப்பெண் கல்லூரிப் பதிவோடு தானாகச் சேராது. 510 அங்கே எங்கோ கிடக்கும். உங்கள் மகனுக்கு ஆங்கில விலக்கு இல்லை என்று கணினி காட்டும். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். ஏற்கெனவே வேறுபட்டிருந்தால் அட்மிஷன் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டையும் மதிப்பெண் அறிக்கையையும் காட்டி இணைக்கச் சொல்லுங்கள்.

தடுப்பூசி. டெக்ஸஸில் 22 வயதுக்கு உட்பட்ட புது மாணவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கடந்த ஐந்து வருடத்துக்குள், வகுப்பு தொடங்க குறைந்தது பத்து நாள் முன்னதாக. ஏழாம் வகுப்பில் போட்ட ஊசி அதே பெயர்தான் என்றாலும் ஐந்து வருடக் கணக்கில் காலாவதியாகியிருக்கும். பதினாறு வயதுக்குப் பிறகு ஒன்று போட்டிருந்தால் அந்தச் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள். இல்லையென்றால் கோடை விடுமுறை தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். எஸ்.ஏ.டி. இல்லாமல் சேர முடியும். இந்தச் சீட்டு இல்லாமல் வகுப்புக்குப் பதிய முடியாது.

கட்டணம். கம்யூனிட்டி காலேஜில் மூன்று விதக் கட்டணம் உண்டு: அந்தக் கல்லூரியின் வரிப் பகுதியில் வசிப்பவர், டெக்ஸஸில் வேறு இடத்தில் வசிப்பவர், வெளி மாநிலத்தவரும் வெளிநாட்டவரும். மூன்றாவது பல மடங்கு. எச்-4 விசாவில் இருப்பவர் டெக்ஸஸ்வாசியாகக் கணக்கிடப்பட முடியும். உங்கள் மகன் இங்கே மூன்று வருடத்துக்கு மேல் பள்ளியில் படித்து முடிப்பதால் வலுவான நிலையில் இருக்கிறார். ஆனாலும் விசா பெயரைப் பார்த்ததும் வெளிநாட்டு மாணவர் என்று குறித்துவிடுவது உண்டு. முதல் பில்லிலேயே அதைப் பாருங்கள். தவறு இருந்தால் பள்ளி டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரம், ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), ஐ-797 (விசா ஒப்புதல் அறிவிப்பு) நகல்களோடு பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ஃபிரிஸ்கோவின் ஒரு பகுதி காலின் கவுண்டியிலும் இன்னொரு பகுதி டென்டன் கவுண்டியிலும் இருக்கிறது. காலின் காலேஜில் சேர்வதானால், வீடு எந்தக் கவுண்டி என்பதைப் பொறுத்தும் கட்டணம் மாறும்.

சோஷியல் செக்யூரிட்டி எண். எச்-4 பிள்ளைகளுக்கு அது இருக்காது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். அப்பாவின் எண்ணை அங்கே எழுதவே கூடாது. அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகை எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையாது. அதற்கான ஃபாஃப்சா படிவத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கல்லூரியின் சொந்த உதவித்தொகைகளில் குடியுரிமை கேட்காதவையும் இருக்கும், அவற்றுக்கு விண்ணப்பியுங்கள்.

21 வயது என்ற கடிகாரம்

நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. எச்-4 விசா 21 வயதோடு முடிகிறது. உங்கள் மகனுக்கு 18 நிறைவது கல்லூரியின் முதல் செமஸ்டரில். அப்படியானால் 21 நிறைவது ஏழாவது செமஸ்டரில். எல்லாம் சரியாக நடந்து நான்கு வருடத்தில் முடித்தாலே கடைசி இரண்டு செமஸ்டர் வேறு விசாவில்தான் இருப்பார், பெரும்பாலும் மாணவர் விசாவான எஃப்-1. ஐந்து வருடம் ஆனால் நான்கு செமஸ்டர். மேத் 1314-இல் தொடங்குகிறாரா 2412-இல் தொடங்குகிறாரா என்பதை நான் இவ்வளவு வலியுறுத்தியது இதனால்தான்.

எஃப்-1-க்கு மாறும்போது கட்டண நிலையும் மாறக்கூடும். செமஸ்டருக்கு 12 கிரெடிட் கட்டாயம் ஆகும், அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுக்கு மேல் கணக்கில் வராது. மாற்றத்துக்கான மனுவை 21 வயதுக்குப் பல மாதம் முன்பே கொடுக்க வேண்டும். உங்கள் கிரீன் கார்டு மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வயதுக் கணக்கில் சலுகையும் இருக்கலாம். 20 வயது நிறைவதற்குள் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். அதே வாரத்தில், எஃப்-1 ஆனால் என் மகனின் கட்டண நிலை என்ன ஆகும் என்று பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் எழுதிக் கேளுங்கள்.

உங்கள் கணவருக்கு

கம்யூனிட்டி காலேஜ் படிப்பு வராதவர்களின் இடம் என்ற எண்ணம் நம்மவர்களிடையே ஆழமாக இருக்கிறது. அவர் மகன்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் டெக்ஸஸ் சட்டப்படி பொதுப்பாடத் திட்டம் 42 கிரெடிட். அதைக் கம்யூனிட்டி காலேஜில் முழுவதும் முடித்தால், மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். வரலாறு, அரசியல், ஆங்கிலப் பாடங்களின் உள்ளடக்கம் ஒன்றுதான், கட்டணம்தான் வேறு. பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே இருக்கும். முக்கியமாக, போதுமான கல்லூரி கிரெடிட்டோடு மாறும்போது பார்ப்பது கல்லூரியில் வாங்கிய ஜி.பி.ஏ.வை, அதாவது சராசரி கிரேடைத்தான், எஸ்.ஏ.டி.யை அல்ல. 490-ஐ அழிக்க உங்கள் மகனுக்குக் கிடைக்கும் வாய்ப்பே இந்த வழிதான். ஆனால் இன்ஜினீயரிங்கில் இடம் பிடிக்க வெறும் தேர்ச்சி போதாது, கால்குலஸிலும் இயற்பியலிலும் நல்ல கிரேடு வேண்டும். அவர் போக விரும்பும் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்ஃபர் திட்டத்தை முதல் செமஸ்டரிலேயே எடுத்து, அதில் உள்ள பாடங்களை மட்டும் பதியட்டும். பொதுப்பாடத்தில்கூட எந்தக் கணக்கு, எந்த அறிவியல் என்பது துறைக்குத் துறை மாறும்.

ஊருக்கு அனுப்புவதைப் பற்றி: அது தவறான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பமே திரும்பும் எண்ணம் இருந்தால் யோசிக்கலாம். ஆனால் தேர்வுக்குப் பயந்து அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு இல்லையென்றாலும், தரவரிசை பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்து. அமெரிக்க டிப்ளமாவுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இணைச் சான்று வாங்க வேண்டும். அந்த மூன்று பாடங்களையும் உரிய அளவில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகன் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் எந்த அளவுக்கு எடுத்தார் என்று பார்க்காமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.

இப்போதிலிருந்து ஆகஸ்ட் வரை

இந்த மாதமே அப்ளை டெக்ஸஸ் தளத்தில் விண்ணப்பியுங்கள். குடியுரிமைக் கேள்வியில் எச்-4 என்றே உண்மையாகக் குறிப்பிடுங்கள். எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைக் காலேஜ் போர்டிலிருந்து நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். ஏப்ரலில் பயிற்சி, மே மாதத்துக்குள் கணக்குத் தேர்வு. பள்ளி முடிந்ததும் இறுதி டிரான்ஸ்கிரிப்டை அனுப்புங்கள். பாதியில் அனுப்பியதில் பட்டமளிப்புத் தேதி இருக்காது. ஜூனில் தடுப்பூசிச் சீட்டும் ஓரியன்டேஷனும். அட்வைசரைப் பார்க்கும்போது பிள்ளையே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். கல்லூரியில் சேர்ந்தபின் அவருடைய கல்விப் பதிவுகளை அவர் அனுமதி இல்லாமல் உங்களிடம் கொடுக்க மாட்டார்கள். அதற்கான ஒப்புதல் படிவத்தில் அன்றே கையெழுத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

கணக்கில் 950 வந்துவிட்டால், அல்லது வராமல் டயக்னாஸ்டிக் நிலை என்னவென்று தெரிந்தால், மதிப்பெண் தாளோடும் ப்ரீகால்குலஸ் கிரேடோடும் மறுபடி எழுதுங்கள். முதல் செமஸ்டருக்கு எந்தெந்தப் பாடங்கள் என்பதை அப்போது சேர்ந்து பார்க்கலாம்.